சயாங் வந்ததும் ஊசி

எனக்குப் பாட்டுக் கேட்கும் பழக்கம் கிடையாது. ஜொகூர் மாநிலத்தில், பொந்தியான் ஊரில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். வேனில் ரேடியோ இருக்கிறது. போடுவதில்லை. பிள்ளைகள் போடும் சத்தம் போதும்.

பாட்டெல்லாம் என் மனைவிக்குத்தான். அதுவும் ஒரே குழு. நம்ம ஜொகூர்ப் பையன்கள், ஐந்து பேர். கித்தார் இருக்கும், கூடவே உறுமியும் இருக்கும். பேர் வேண்டாம். இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

அவள் முன்பு பேக்டரியில் வேலை செய்தாள். பேக்டரி பஸ்ஸில் கூடப் போன பெண்கள் எல்லாருக்கும் அந்தக் குழுதான். ஒருத்திக்கு ஒரு பாட்டு. "இது என் பாட்டு" என்று பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். ஒருத்திக்குப் புருஷன் விட்டுப் போன நேரத்தில் வந்த பாட்டு. இன்னொருத்திக்கு வீடு வாங்கிய நேரத்தில் வந்தது. ஒருத்தி பாட்டுக்கு இன்னொருத்தி அழக்கூடாது. அழுதால் சண்டை வரும். வந்தும் இருக்கிறது.

குழுவின் படம் போட்ட டி-ஷர்ட் ஒன்று வாங்கினாள். அதைப் போட்டுக்கொண்டுதான் நெத்திலிச் சம்பல் கிளறுவாள்.

"அவனுங்க பாடுறப்ப உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுதுங்க" என்பாள்.

"பசியா இருக்கும்" என்பேன்.

அவளுடைய பாட்டு ஒன்று உண்டு. அதில் பாடுகிற பையன் ஒரு சொல்லை எடுத்து இழுப்பான். மூச்சு முட்டுகிற வரைக்கும் இழுப்பான். அப்புறம் சத்தமே இருக்காது. பிறகு உறுமி ஒரு உறுமு உறுமும். அதற்கப்புறம்தான் "காலம் வந்தாச்சு" என்பான்.

இழுத்த சொல் எங்கள் காதில் சயாங் என்று விழுந்தது. மலாயில் சயாங் என்றால் கண்ணே, செல்லமே என்கிற மாதிரி. இங்கே எல்லா இனத்துக்காரர்களும் சொல்லுவார்கள். சந்தையில் மீன் விற்கிற பெண்கூடச் சொல்லும்.

சயாங், காலம் வந்தாச்சு. அப்படித்தான் என் மனைவி பாடினாள். ஊரே அப்படித்தான் பாடியது. கல்யாண மண்டபத்தில் அந்தப் பாட்டைப் போட்டால் மாப்பிள்ளையைப் பெண் மேல் தள்ளிவிட்டு எல்லாரும் சயாங் என்று கத்துவார்கள்.

என் மச்சான், அவளுடைய தம்பி, ஒருத்தன்தான் ஒரு நாள் சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"அக்கா, அது சயாங் இல்லக்கா. வேற என்னமோ."

"வேற என்னடா?"

"தெரியல. ஆனா சயாங் இல்ல."

"உனக்கு இன்னும் ஒரு பொண்ணும் அமையல. உன் காதுல எப்படிடா சயாங் விழும்?"

அவன் பேச்சை விட்டுவிட்டு அப்பளம் கேட்டான். கொடுக்கவில்லை.

பிறகு அவளுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, முற்றி கிட்னி போய்விட்டது. டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்றார்கள். ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் இரண்டு ரத்த நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள். தொட்டால் உள்ளே ரத்தம் உர்ரென்று ஓடும். டவுனில் ஒரு செண்டர் கிடைத்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போவேன்.

ஒவ்வொரு தடவையும் ஊசி இரண்டு. சாதாரண ஊசி இல்லை. ஆணி மாதிரி இருக்கும்.

அவளுக்கு ஊசி என்றால் பயம். எங்கள் பையனைப் பெறும்போது வலிக்கு அழவில்லை, ஊசிக்கு அழுதாள். செண்டரில் கையை இழுப்பாள். இழுத்தால் ஊசி நரம்பைத் தாண்டிப் போய்விடும். கை கத்திரிக்காய் நிறத்தில் வீங்கும். திரும்பக் குத்த வேண்டும்.

ஒரு நாள் வீட்டு வாசலில் நின்றுவிட்டாள்.

"நான் வரல."

"ஏறு."

"வரலங்க. சாவுறதுன்னா வீட்லயே சாவுறேன். அந்த ஊசி வேணாம்."

வேன் என்ஜினை அணைத்தேன். டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். போகாவிட்டால் உடம்பில் தண்ணீர் கட்டும், மூச்சு விட முடியாது, ரொம்ப நாள் தாங்காது. "தெரியும்" என்றாள். படியில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து வேனில் ஏறினாள்.

அன்றைக்குச் செண்டரில் புது மிஸ்ஸி இருந்தாள். இங்கே நர்ஸை மிஸ்ஸி என்போம். மலாய்ப் பெண். விரல்கள் குண்டாக இருக்கும், ஆனால் ஊசி பிடித்தால் நடுங்காது. தமிழ் ஒரு சொல் தெரியாது. என் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"ஆண்டிக்கு என்ன பிடிக்கும்?" என்று மலாயில் கேட்டாள்.

"பாட்டு" என்றேன் நான்.

"போடுங்க."

போனில் அவள் பாட்டைப் போட்டேன். என் மனைவி கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. பையன் அந்தச் சொல்லை எடுத்து இழுத்தான். இவளும் கூடவே இழுத்தாள். அந்தப் பாட்டில் மிஸ்ஸிக்குப் புரிந்தது அந்த ஒரு சொல்தான். அவளும் சிரித்துக்கொண்டே இவளைப் பார்த்து "சயாங்" என்றாள். சொல்லிக்கொண்டே ஊசியை ஏற்றிவிட்டாள். உறுமி வரும்போது ஊசி உள்ளே இருந்தது.

"முடிஞ்சிருச்சா?" என்றாள் என் மனைவி.

"ஒண்ணு முடிஞ்சது. அங்கிள், பாட்டைத் திருப்பிப் போடுங்க."

அன்றிலிருந்து அதுதான் முறை. பாட்டு. சயாங் வந்ததும் ஊசி. மற்ற மிஸ்ஸிகளும் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த மலாய் மிஸ்ஸி இருக்கும் நாளில் என் மனைவி வேறு யாரையும் குத்த விடமாட்டாள்.

பக்கத்து நாற்காலியில் ஒரு சீனப் பெரியவர். முன்பு அன்னாசித் தோட்டம் வைத்திருந்தவர். யாரோடும் பேசமாட்டார். பாட்டைப் போட்டால் முகத்தைச் சுளிப்பார். ஒரு நாள் பார்த்தால் அவருடைய கால் கட்டைவிரல் உறுமிக்குச் சரியாக ஆடியது. பிறகு அவருக்கும் ஊசி பாட்டில் அந்த இடம் வரும்போதுதான். "அந்தப் பையனுக்கு நல்ல மூச்சு" என்றார் என்னிடம். எனக்கும் அது தெரிந்தது. அந்த அளவுக்குத்தான் எனக்குப் பாட்டு தெரியும்.

தீபாவளிக்கு முன்னால் ஜொகூர் பாருவில் சந்தை போடுவார்கள். அந்த வருஷம் மேடையில் அந்தக் குழு பாடப் போகிறது என்று தெரிந்தது. டயாலிசிஸ் இல்லாத நாள். அவள் என்னைக் கேட்கவில்லை. டி-ஷர்ட்டுக்கு இஸ்திரி போட்டு வைத்தாள். நான் வேனைக் கழுவினேன்.

வழியில் கெலாங் பாத்தாவில் மச்சானை ஏற்றிக்கொண்டோம்.

"என்னக்கா, பவுடர் எல்லாம் பலமா இருக்கு. மாமாவுக்கா, பாட்டுக்காரனுக்கா?"

"மாமாவுக்குன்னா பவுடர ஏன்டா வீணாக்கப் போறேன்?"

ரெண்டு பேரும் சிரித்தார்கள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

வெயில் இறங்கின நேரம். நல்ல கூட்டம். முறுக்குக் கடைக்காரரிடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கி அவளை முன்னால் உட்கார வைத்தேன். பாட்டு ஆரம்பித்ததும் சின்னப் பெண்கள் அழுதார்கள். பெரிய மீசைக்காரர் ஒருவர், தோளில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவரும் கண்ணைத் துடைத்தார். அது சோகப் பாட்டும் இல்லை. எனக்குப் புரியவில்லை. ஆனால் என் மனைவி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

கடைசியில் அவள் பாட்டு வந்தது. பையன் இழுத்தான். மொத்தக் கூட்டமும் சயாங் என்று கத்தியது. அவன் பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

"ஒண்ணு சொல்லட்டா? கோவப்படக் கூடாது. அது சயாங் இல்லங்க. சாயங்காலம். சாயங்... காலம் வந்தாச்சு. எங்கம்மா பேக்டரிக்குப் போவாங்க. சாயங்காலம் ஆச்சுன்னா நான் ரோட்டுல நின்னு பஸ் வருதான்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். அதுக்கு எழுதின பாட்டு. நீங்க என்னடான்னா கல்யாணத்துல போட்டு ஆடுறீங்க லா!"

கூட்டம் சிரித்தது. "பரவால்ல தம்பி, எங்களுக்கு சயாங்தான்!" என்று யாரோ கத்தினார்கள். அவன் திரும்ப இழுத்தான். திரும்ப எல்லாரும் சயாங் என்றார்கள், முன்பைவிடச் சத்தமாக.

"சொன்னேனா இல்லையா? சொன்னேனா இல்லையா?" என்று மச்சான் குதித்தான்.

என் மனைவி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

மச்சானை இறக்கிவிட்ட பிறகுதான் பேசினாள்.

"இவ்ளோ நாளா தப்பாப் பாடியிருக்கேன்."

"எல்லாருந்தான்."

"எல்லாரும் ஆடுறதுக்குப் பாடினாங்க. நான் அந்தச் சொல்லைப் புடிச்சிக்கிட்டுக் கைய நீட்டினேன்."

கொஞ்ச தூரம் போனோம்.

"எனக்குச் சொல்றான்னு நெனச்சிக்கிட்டேங்க. சயாங், நேரம் வந்தாச்சு, பயப்படாதேன்னு. நீங்க ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல. அந்தப் பையனாச்சும் சொல்றானேன்னு இருந்தேன்."

எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசி வளரவில்லை. வாயில் வராது. கியரை மாற்றினேன்.

அடுத்த தடவை செண்டரில் பாட்டைப் போட்டேன். "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். அன்றைக்கு வேறொரு மிஸ்ஸி. ஊசியைக் கொண்டுவந்ததும் இவள் கையை இழுத்தாள். ஊசி தவறியது. கை வீங்கியது. ஐஸ் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் குத்தினார்கள். மெஷின் கொஞ்ச நேரம்தான் ஓடியது.

அதற்கடுத்த தடவை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நான் வரல."

கால் ரெண்டும் வீங்கியிருந்தது. பேசினால் மூச்சு வாங்கியது. படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கி எழுந்திருந்தாள்.

இந்தத் தடவை அவள் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தேன். வீக்கத்தில் செருப்பு ஏறவில்லை. என் செருப்பைக் கழற்றி வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போட்டுக்கொண்டாள். நான் வெறுங்காலோடு வேன் ஓட்டினேன்.

செண்டரில் அந்தப் பழைய மிஸ்ஸி இருந்தாள். இவள் காலைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள்.

"பாட்டு எங்கே?"

"வேண்டாமாம்."

"ஏன்?"

மலாயில் சொன்னேன். அந்தச் சொல் சயாங் இல்லை, தமிழில் வேறு சொல், பெத்தாங் என்று அர்த்தம், சாயங்காலம். மிஸ்ஸிக்கு முதலில் சிரிப்பு வந்தது. என் மனைவி முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஆண்டி, அவன் என்ன பாடினான்னு எனக்குத் தெரியாது. எனக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஆண்டியைப் பார்த்துச் சொன்னது நான். நான் பெத்தாங்னா சொன்னேன்?"

என் மனைவி தலையைத் தூக்கினாள்.

"நான் சயாங்னுதான் சொன்னேன். அது எப்படித் தப்பாகும்?"

சீனப் பெரியவர் ஊசிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். "காலையோ சாயங்காலமோ, சீக்கிரம் போடுங்க. போன தடவை அந்தப் பையன் இல்லாம எனக்கு வலிச்சிருச்சு" என்றார்.

"பார்த்தீங்களா, அங்கிளுக்கும் சயாங் வேணுமாம்" என்றாள் மிஸ்ஸி.

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் மூச்சு வாங்கியது. அது அடங்கும் வரை மிஸ்ஸி அவள் முதுகைத் தடவினாள். பிறகு இவள் கையை நீட்டினாள்.

"பாட்டைப் போடுங்க" என்றாள் என்னிடம். "நான் சரியாத்தான் பாடுவேன். சொல்லிட்டேன்."

போட்டேன். பையன் இழுத்தான். என் மனைவி சாயங் என்று இழுத்தாள். மிஸ்ஸி சயாங் என்றாள். பெரியவர் எதையோ முனகினார். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. கை அசையவில்லை. ஊசி நேராகப் போனது.

மெஷின் ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து முகம் தெளிந்தது.

"அந்தப் பையன் பாவம்ங்க" என்றாள். "நான் ஓவர்டைம் பார்த்தப்ப நம்ம பையனும் இப்படித்தான ரோட்டுல நின்னிருப்பான்?"

"நின்னான்."

"நீங்க சொல்லவே இல்ல."

"நானும் கூட நின்னேன்."

அவள் என்னையே பார்த்தாள். மிஸ்ஸி வந்து குழாயைச் சரிபார்த்துவிட்டுப் போனாள்.

"போங்க, போய் ஒரு செருப்பு வாங்குங்க. இப்படியே பள்ளிக்கூடத்துக்குப் போனா பிள்ளைங்க சிரிக்கும்."

எதிரே சீனர் கடை. எனக்கு ஒரு ஜப்பான் சிலிப்பர் வாங்கினேன், இங்கே ரப்பர் செருப்பை அப்படித்தான் சொல்வோம். அவளுக்கும் ஒன்று, நீல வார் வைத்தது, வீங்கின காலுக்கு ஏற்ற மாதிரி பெரிதாக. இப்போது வீக்கம் இறங்கிவிட்டது. அது தொளதொளவென்று இருக்கிறது. வேறு வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்கிறாள். அதைப் போட்டுக்கொண்டு டப் டப்பென்று சத்தம் வர வீடு முழுக்க நடக்கிறாள்.