பிளீச்சிங் பவுடரும் மிக்கேலின் காதும்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் என்பது கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை உயிரோடு வளர்க்கிற பண்ணை; அழுக்கைத் தின்பது அவை, பேச்சு வாங்குவது நான். பம்ப், லிப்ட், ஜெனரேட்டர் என்று ஊருக்காக எதையாவது ஓட்டி, அது நின்றால் மட்டும் நினைக்கப்படுகிற அன்பர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

மனை கொடுத்தவன்

வளைகுடாவில் இதே வேலை பார்த்துவிட்டு, தருவைகுளத்துக்கு வடக்கே எங்கள் ஊருக்குத் திரும்பியவன் நான். மிக்கேல் என்னோடு படித்தவன், சங்கு குளிக்கிறவன். சாக்கடை நேராகக் கடலில் விழுந்த காலத்தில் அவன் காதில் சீழ் வைத்தது. இன்னொரு முறை வைத்தால் கடலில் முங்கவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. அதனால்தான் ஊருக்குச் சுத்திகரிப்புத் தொட்டி கட்ட, தன் வீட்டை ஒட்டிய மனையை விட்டுக்கொடுத்தான்.

தினமும் கடலுக்குப் போகுமுன், தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரைக் கையில் அள்ளி மோந்துபார்ப்பான். நாற்றமில்லாமல் வந்த அன்றைக்குச் சொன்னான்: "ஏலே, எங்கம்மை வச்ச ரசம்கூட இவ்வளவு தெளிவா இருந்ததில்ல."

கருவாட்டுத் தண்ணி

பிலோமினாக்கா கருவாடு போடுகிறவர். மீன் ஊறிய உப்புத்தண்ணீரை முன்பெல்லாம் மணலில் ஊற்றுவார். குழாய் வந்ததும் அதில் ஊற்ற ஆரம்பித்தார். அந்த உப்பில் கிருமிகள் பாதி மயங்கிவிட்டன. போய்க் கெஞ்சினேன்.

"கழிவுக்குன்னு குழாய் போட்டீங்க. இப்ப எது கழிவுன்னும் நாங்கதான் பாக்கணுமாக்கும், தம்பி?"

திருவிழா வெள்ளை

கோயில் கொடியேற்றத்துக்கு முன்னால் ஊர் முழுக்க பிளீச்சிங் பவுடர் தூவுவது வழக்கம். நான் பம்புக்குச் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் தொட்டியில் நுரை இல்லை, வாடை இல்லை, தண்ணீர் கண்ணாடி. மிச்ச பவுடரை மூடை மூடையாகத் தொட்டிக்குள் கொட்டியிருந்தார்கள். கிருமி ஒன்றுகூட மிச்சமில்லை. இனி வருவதெல்லாம் அப்படியே கடலுக்குத்தான்.

கமிட்டித் தலைவர் தோளில் கைபோட்டார்: "சப்பரம் இந்தத் தெரு வழியா வருதுல்லா தம்பி, அதான் உங்க வேலையையும் சேர்த்து நாங்களே பாத்துட்டோம்."

வந்த வழியே போன லாரி

செத்த தொட்டியை எழுப்ப, ஓடுகிற வேறொரு நிலையத்திலிருந்து உயிருள்ள சேற்றைக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். டவுன் நிலையத்தில் பல்லைக் காட்டி ஒரு டேங்கர் லாரி சேறு வாங்கி வந்தேன். ஊர் வாசலில் மறித்துவிட்டார்கள். பாலில் உறைமோர் ஊற்றுவது மாதிரிதான் என்று விளக்கினேன். அது இன்னும் வினையாயிற்று. மறித்தவர்களில் முதல் ஆள் மிக்கேல்.

"நம்மூருப் பீயே நமக்குப் போதும்லே. டவுன்காரன் பீயை எதுக்கு என் வீட்டுப் பக்கத்துல இறக்குத?"

லாரி திரும்பிப் போயிற்று. டவுனில் மறுபடி கேட்டேன். இனி தர மாட்டோம் என்றார்கள்.

பஞ்சு

மழைக்குப் பிறகு மிக்கேலைத் தொட்டி ஓரமாகப் பார்த்தேன். காதில் பஞ்சு. மறுபடி சீழ் வைத்துவிட்டதாம்; இனி கடலில் முங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். படகை மச்சினனிடம் விட்டுவிட்டானாம். பழக்கத்தில் குனிந்து அந்தக் கறுப்புத் தண்ணீரை அள்ளப்போய், கையை இழுத்துக்கொண்டான்.

"அன்னைக்கு அந்த மோர்க் கதையை விட்டுட்டு, 'இது உன் காதுக்குத்தாம்லே'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

இந்த ஊரில் யாரிடமும் விளக்கம் கேட்காமல் வேலை பார்த்தவை அந்தக் கிருமிகள் மட்டும்தான், அவற்றைத்தான் சுத்தம் செய்துவிட்டோம்.