கணக்குப் பேப்பர் போன பிறகு

இரண்டாவது பரீட்சைக்கு உள்ளே போனபோது ஹாலில் பாதி பெஞ்சுகள் காலியாக இருந்தன. வெளியே புதுச்சேரியில் நவம்பர் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஆட்கள் வராததற்கு மழை காரணமில்லை. சி.ஏ. படிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குரூப்பில் நான்கு பேப்பர். ஒன்றில் விழுந்தாலும் குரூப்பே விழுந்த மாதிரிதான். அதனால் முதல் பேப்பர் சொதப்பினால் பலர் மீதியை எழுதாமலே மூட்டை கட்டிவிடுவார்கள். முதல் பேப்பர் சொதப்பியும் வந்து எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் என் அண்ணி.

கடலூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் நாங்கள் ஒன்றாகப் பயிற்சிக்கு இருந்தவர்கள். அவரை மஸ்கட்டில் வேலையிலிருந்த என் அண்ணனுக்குப் பார்க்கலாம் என்று வீட்டில் முதலில் வாயைத் திறந்ததே நான்தான். ஃபைனல் முடித்துவிட்டு மஸ்கட் போகட்டும் என்று நிச்சயத்தன்று எல்லோரும் தலையாட்டினார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஃபைனலில் ஒருமுறை தவறியதும் தலைகள் ஆடுவது நின்றுவிட்டது. அண்ணன் விசா அனுப்பினான். டிசம்பரில் டிக்கெட். இந்த நவம்பரை விட்டால் அண்ணிக்கு சி.ஏ. இல்லை என்றே நான் நினைத்தேன்.

முதல் பேப்பர் கணக்கு. அண்ணியின் பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை. வித்தியாசம் எங்கே என்று தேடியே நேரம் போய், பெரிய கேள்விகளைத் தொடாமல் விட்டுவிட்டார். பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து சேர்ந்தோம். வீட்டில் அம்மா அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"போச்சா? அப்பறம் எதுக்கு இந்த மழையில அலையற? பேசாம பெட்டி கட்டுற வழியப் பாரு."

"மீதியும் எழுதிடறேன் அத்தை. எல்லா பேப்பரும் எழுதி, எதுல அறுபது வாங்குறனோ அதை மறுபடி எழுத வேணாம். ஆறு மாசத்துக்கு ஒன்னா அடுத்த மூணு அட்டெம்ப்ட் வரைக்கும் நிக்கும்."

"மறுபடி எழுத நீ இங்க இருந்தாத்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவைவிட என் மேல்தான் கோபம் வந்தது. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவள் நானல்லவா? இரண்டாவது பரீட்சையன்று காலையில் அண்ணி குடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் தெருவில் இறங்கிவிட்டார்.

ரிசல்ட் வந்தபோது அவர் மஸ்கட்டில் இருந்தார். நான்தான் போன் செய்தேன்.

"அண்ணி, கணக்கு போச்சு. ரெண்டு பேப்பர் நிக்குது."

"ஒனக்கு?"

"பாஸ்."

"சந்தோஷம்" என்றார். பாஸானதற்கு வெட்கப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்த அட்டெம்ப்ட் மசக்கையில் போனது. அதற்கடுத்தது பிரசவத்தில் போனது. மிச்சம் ஒரு மே மாதம். பிள்ளை பெற எங்கள் வீட்டுக்கு வந்தவர் மஸ்கட் திரும்பவில்லை. அண்ணன் போனில் கத்தினான். "எழுதிட்டு வரேங்க" என்பதையே அண்ணி குரல் உயர்த்தாமல் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா இரண்டு பக்கமும் பேசாமல் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

பரீட்சை அன்று காலை பிள்ளைக்கு அனலாகக் காய்ச்சல். அண்ணி புறப்பட்ட புடவையோடு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். போகமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா வந்து பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"நானும் ரெண்டு பெத்தவதான். காய்ச்சல பாத்துக்கத் தெரியாதா எனக்கு? போ, பஸ்ஸு போயிடும்."

அண்ணி தேறினார், இன்று மஸ்கட்டில் நல்ல வேலையில் இருக்கிறார். சமீபத்தில்தான் அம்மாவிடம் கேட்டேன், அன்றைக்கு மட்டும் எப்படி மனசு மாறியது என்று. நறுக்கிக்கொண்டிருந்த கத்தரிக்காயிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்.

"அன்னைக்கு அவ போகாம நின்னிருந்தா, அந்தப் புள்ள மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் பரீட்சைதான் ஞாபகம் வரும். எனக்கு டீச்சர் ட்ரெயினிங் சீட்டு வந்தப்ப நீ கைக்கொழந்தை."