மேஸ்திரி கேட்ட சிபியு

அலுவலகத்தில் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர். வீட்டில் உப்பு டப்பாவுக்குக்கூடச் சீட்டு ஒட்டி வைத்து எல்லாரையும் மேய்ப்பவள் என்று கணவனே ஒருநாள் வந்து போட்டுக்கொடுத்ததில் ஒட்டிக்கொண்ட பெயர்.

மற்ற நிரலாளர்கள் தங்கள் நிரல் தனியாக ஓடும் பெட்டியான கன்டெய்னருக்கு எவ்வளவு சிபியு, எவ்வளவு மெமரி வேண்டும் என்று எழுதிக் கேட்பதற்கான பொது நிரல் தொகுப்பை, லைப்ரரியை, கட்டுவது அவள் வேலை. அதில் இரண்டும் வெறும் எண்களாக அடுத்தடுத்து நின்றன. இடம் மாறினாலும் லைப்ரரி வாயைத் திறக்காது. இது சிபியு, இது மெமரி என்று சீட்டு ஒட்டினாற்போல் இரண்டையும் தனித்தனி வகையாக்கி, மாறிப்போனால் அங்கேயே தடுக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். மாலையில் லைப்ரரி வெளியாகப் போகிறது.

"யாரும்மா அதைப் போய் மாத்திப் போடுவாங்க?" என்றார் குழுத் தலைவர்.

"காட்டுறேன் சார்."

முதலில் இரண்டு சிபியு, ஐநூற்றுப் பன்னிரண்டு எம்பி மெமரி என்று சரியாகவும் பிறகு மாற்றியும் போட்டுக் காட்டுவதாகத்தான் திட்டம். எல்லாரும் பார்த்திருக்க, முதல் கன்டெய்னரே கிளம்பவில்லை. தலைவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஐநூத்திப் பன்னெண்டு சிபியுவா? நம்ம மெஷின் எல்லாத்தையும் சேர்த்தாலும் தேறாதேம்மா! மெமரி வெறும் ரெண்டா?"

அவளுக்குக் காது சுட்டது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"பார்த்தீங்களா சார், எவ்வளவு சுலபமா மாறுது!"

தலைவர் சிரித்துவிட்டார். "சரி, உன் மாத்தத்தைச் சேர்த்துடு."

பக்கத்து இருக்கை அக்கா குனிந்தாள். "வேணும்னேவாடி செஞ்ச?"

"மெதுவாக்கா. முதல்ல சேர்த்துடறேன், அப்புறம் சொல்றேன்."