ஒரே வீட்டுல ரெண்டு மெஷின்

மேளக்காரர்னா தோள்ல மேளம் தொங்கும், பாடகர்னா கையில மைக் இருக்கும், சேம்ப்ளர் வாசிக்கிறவன்கிட்ட இருக்கிறது ஒரு பெட்டி, நாலு வயரு, அப்புறம் "இது இன்னாது?"ன்னு கேக்குற ஒரு ஊரு.

நான் செஞ்சிக்காரன். ஆர்கெஸ்ட்ராவுல ரொம்ப வருஷம் ரிதம் பேட் வாசிச்சுட்டு, இப்ப தனிக்கடை. சேம்ப்ளர்னா பெரிய மர்மம் ஒண்ணும் இல்ல. எந்தச் சத்தத்தைப் பிடிச்சுப் போட்டாலும் உள்ள வச்சுக்கும். மேல பதினாறு பட்டன், ஒவ்வொண்ணுலயும் ஒரு சத்தம். அதுங்களைத் தட்டித் தட்டியே தாளமாக்கி, பாட்டாக்கணும். பக்கத்துல எக்கோ குடுக்க ஒரு குட்டிப் பெட்டி. அவ்ளோதான் என் ஆர்கெஸ்ட்ரா. வீட்ல யாருக்கும் விளங்காத வேலையைச் செஞ்சுக்கினு, அதையும் தினம் விளக்கிக்கினு இருக்கிறவங்க நீங்கன்னா, வாங்க, பக்கத்துல உக்காருங்க. நாம ஒரே கட்சி.

நெஞ்சு படபடத்த ஒண்ணரை நிமிஷம்

கலா என் வீட்டுக்காரி. முன் ரூம்ல ஜாக்கெட் தைக்கிறா. முகூர்த்த மாசம் வந்துட்டா நான் அவகிட்ட பேசணும்னாலே வரிசையில நிக்கணும். கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு, நான் பண்ண பாட்டுல ஒண்ணைக்கூட அவ கடைசி வரைக்கும் கேட்டதில்ல. ரெண்டாவது நிமிஷம் வந்தா பால் பொங்கும், இல்லாட்டி ஊசி உடையும், இல்லாட்டி யாராவது லைனிங் துணியைத் தூக்கிக்கினு வந்து நிப்பாங்க. ஊரே கைதட்ட வேணாம் சாமி, இவ ஒருத்தி ஒரே ஒரு பாட்டை முழுசா கேட்டாப் போதும்னு ஆயிடுச்சு எனக்கு. சிரிக்காதீங்க, நெசமாவே ஏக்கம்.

ஒருநாள் கதவைச் சாத்திட்டு, ஹெட்போனை எடுத்து அவ காதுல மாட்டிட்டேன். கண்ணை மூடிக்கினு கேட்டா. எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ஒண்ணரை நிமிஷம். கழட்டி வச்சுட்டு, கொக்கி வைக்க வேண்டிய ஜாக்கெட்டைக் கையில எடுத்துக்கினா. "இன்னா கலா, எப்படி இருக்குது?"ன்னேன். "நான் மெஷின ஓட்டுனா ஜாக்கெட் வருது. நீங்க ஓட்டுனா மறுபடியும் அதே சத்தம்தானங்க வருது?"

உள்ளூர் எக்கோ

எக்கோ பெட்டிக்குள்ள இருக்கிற எக்கோ எல்லாம் எவனோ எந்த ஊர்லயோ பிடிச்சது. இவ்ளோ பெரிய கோட்டையை ஊர்ல வச்சுக்கினு வெளியூர் எக்கோவுக்கு ஏன் கையேந்தணும்னு எனக்கு ஒரு ரோஷம் வந்துடுச்சு. டிக்கெட் எடுத்துக்கினு கோட்டை நெற்களஞ்சியத்துக்குள்ள போனேன். வளைஞ்ச கூரை, தடி தடியான சுவரு. கையை ஒரு தட்டு தட்டினா சத்தம் சுவரு சுவரா மோதி, ஆற அமரத் திரும்பி வரும். அதை ரெக்கார்ட் பண்ணி அந்தப் பெட்டிக்குள்ள ஏத்திட்டா, நான் வாசிக்கிறது எல்லாமே கோட்டைக்குள்ள வாசிச்ச மாதிரி கேக்கும். தட்டுவேன், சத்தம் அடங்குற வரைக்கும் மூச்சை அடக்கிக்கினு நிப்பேன், மறுபடியும் ஒரு தட்டு.

முப்பது தடவை தட்டியிருப்பேன், திரும்பிப் பாத்தா வாசல்ல வாட்ச்மேன். எவ்ளோ நேரமா நிக்கிறாரோ தெரியல. "எக்கோ பிடிக்கிறேண்ணே, பாட்டுல போடறதுக்கு"ன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் விளக்கிச் சொன்னேன். பாவம், பொறுமையா கேட்டாரு. "ஜோடியா வர்றதுங்களே சத்தமில்லாம ஒக்காந்துட்டுப் போவுதுங்க. நீ ஒண்டியா வந்து இன்னாத்துக்குப்பா கைதட்டிக்கினு இருக்க?"

பறக்கும் படை

எலெக்ஷன் சமயம். அனந்தபுரத்துல ஒரு பிறந்தநாள் விழாவுக்கு வாசிக்க பைக்ல போய்க்கினு இருந்தேன். பறக்கும் படை ஜீப்பு மடக்கிடுச்சு. பையைத் திறக்கச் சொன்னாங்க, திறந்தேன். உள்ள வெளுத்த கலர்ல ஒரு பெட்டி, வரிசையா பட்டன், ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சிவப்பு லைட்டு. ஆபீசர் ரெண்டு அடி பின்னால போனாரு. "எங்கருந்து எடுத்துக்கினு வர்ற?"ன்னாரு. "வீட்லருந்து சார்." "வீட்ல இன்னும் எத்தினி வச்சிருக்க?" பக்கத்துல மோர் குடிச்சிக்கினு இருந்தவங்க எல்லாம் டம்ளரோட வந்து சுத்தி நின்னுட்டாங்க.

ஜீப்பு பேனட்டு மேலயே பெட்டியை வச்சு, பேட்டரியில ஓட விட்டுக் காட்டினேன். ஒரு பட்டன்ல மத்தளம், ஒண்ணுல ஆடு கத்துறது, ஒண்ணுல நெல்லு மூட்டை தொப்புன்னு விழறது. கூட வந்த போலீஸ்காரருக்கு ஆடு ரொம்பப் பிடிச்சுப் போயி அதையே நாலு தடவை அமுக்கினாரு. ஆபீசர் ஒவ்வொரு பட்டனா அவரே அமுக்கிப் பாத்துட்டு நெத்தியைத் துடைச்சுக்கினாரு. "எதை அமுக்குனாலும் வேற வேற சத்தம் வருதே. அப்ப இது எங்க ஓட்டு மெஷின் இல்ல, போப்பா."

அதே நாள், அதே அனந்தபுரம்

அந்தப் பிறந்தநாள் விழாவுல என் உசுரைக் குடுத்து வாசிச்சேன். மெதுவா ஒரு தாளம், அதுமேல இன்னொண்ணு, அதுமேல மணிச்சத்தம், அப்படியே படிப்படியா ஏத்தி, இருபது நிமிஷம் கண்ணையே திறக்கல. சட்டை தொப்பலா நனைஞ்சுடுச்சு. முடிச்சுட்டு நிமிர்ந்து பாத்தா, பிறந்தநாள் பிள்ளையோட பெரியப்பா எதிர்லயே நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. ஆகா, ஒருத்தராவது ரசிச்சாரேன்னு குனிஞ்சு கும்பிட்டேன். அவரும் கும்பிட்டாரு. "தம்பி, மைக் டெஸ்டிங் எல்லாம் நல்லா இருக்குது. பாட்டை எப்ப ஆரம்பிப்பீங்க?"

மச்சினி ரிசப்ஷன்

கலாவோட தங்கச்சி லதாவுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. ரிசப்ஷனுக்கு ஆர்கெஸ்ட்ரா பேசலாம்னு மாமனார் சொன்னாரு. உள் ரூம்ல வயரைச் சுத்திக்கினு இருந்தேன், கலா குரல் கேக்குது: "ஆர்கெஸ்ட்ரா இன்னாத்துக்கு நைனா? இவரு இருக்காரு இல்ல, பாத்துக்குவாரு." எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அடுத்த நிமிஷமே வயரைக் கீழ வச்சுட்டு உக்காந்துட்டேன். ஒரு பாட்டைக்கூட முழுசா கேக்காதவ, என்னை நம்பி வாக்கு குடுத்துட்டா. நான் சொதப்பினா என் மானம் போறது இருக்கட்டும், அது போனா போவுது. சொந்தக்காரங்க முன்னாடி தலை குனியப் போறது அவ. ரெண்டு வாரம் சோறு தண்ணி இல்லாம பழகினேன்.

ஒரு விஷயம் சொல்லணும். இந்தப் பெட்டியில நாலு பக்கம் உண்டு. பக்கம் மாத்தினா அதே பதினாறு பட்டன்ல வேற பதினாறு சத்தம் வரும். முதல் பக்கம் பூரா கல்யாணத்துக்கு: நாதஸ்வரம், மணி, மேளம். நாலாவது பக்கத்துல, போன வாரம் பஸ் ஸ்டாண்டுல சும்மா பிடிச்சு வச்ச சத்தம். மண்டபத்துல ஸ்பீக்கர் சரியா இருக்குதான்னு பாக்குறதுக்கு நாலாவது பக்கத்தைத் திறந்தவன், அதை மூடல. பொண்ணும் மாப்பிள்ளையும் மேடைப் படியில காலை வைக்கிறாங்க. மண்டபமே திரும்பிப் பாக்குது. நாதஸ்வரம்னு நெனச்சு முதல் பட்டனை அமுக்கினேன். "படியில நிக்காத! உள்ள போ, உள்ள போ! பின்னாடி எடம் இருக்குது!" மினி பஸ் கண்டக்டரு. அதுவும் கோட்டை எக்கோவோட.

மாப்பிள்ளை பயந்து போயி ரெண்டு படியை ஒரே தாவா தாவிட்டாரு. ஆரத்தித் தட்டோட மேடையோரம் நின்ன கலா முகத்தைப் பாத்தேன், செவசெவன்னு ஆயிடுச்சு. செத்தோம்டா! இப்ப நிறுத்தினா அது தப்பு, நிறுத்தாம விட்டா தப்பான்னு யாருக்கும் தெரியாது. கண்டக்டரை மறுபடியும் அமுக்கினேன், இந்த வாட்டி தாளத்துல. அதைத் திரும்பத் திரும்ப ஓட விட்டுட்டு, பக்கத்தை மாத்தி அடியில மேளத்தைப் போட்டேன். மூணாவது சுத்துல மாப்பிள்ளை வீட்டுப் பசங்க "உள்ள போ, உள்ள போ"ன்னு கூடவே கத்த ஆரம்பிச்சுட்டாங்க. லதா மேடையில வயித்தைப் பிடிச்சுக்கினு சிரிக்கிறா. நடுவுல நிமிர்ந்து பாத்தேன். தட்டை யார்கிட்டயோ குடுத்துட்டு, கலா முதல் வரிசையில வந்து உக்காந்திருந்தா. பொண்ணு மாப்பிள்ளையைப் பாக்கல, என்னைத்தான் பாத்துக்கினு இருந்தா. நான் முடிக்கிற வரைக்கும் எழுந்துக்கவே இல்ல.

எல்லாம் முடிஞ்சதும் மாமனார் நேரா என்கிட்ட வந்தாரு. திட்டப் போறாருன்னு கையைக் கட்டிக்கினு நின்னேன். தோள்ல கையை வச்சாரு. "பஸ்ஸு நல்லாத்தான் இருந்துச்சு மாப்ள. எங்க எறங்கறதுன்னுதான் தெரியல."

அளவு

மறுநாள் காலையில கலா தைக்க உக்காந்துட்டா. நான் அந்தப் பக்கம் நாலு தடவை, இந்தப் பக்கம் நாலு தடவை நடந்து பாத்தேன். அவ தையல்லருந்து தலையைத் தூக்கல. தாங்க முடியாம நானே கேட்டுட்டேன்: "நேத்து முழுசா கேட்டியா?" "உம்." "பிடிச்சுதா?" அவ காலைப் பெடல்லருந்து எடுத்துட்டு, "அதை மறுபடியும் போடுங்க"ன்னா.

நேத்து வாசிச்சது பெட்டியில பதிவாகியிருந்துச்சு, போட்டேன். கையைக் கட்டிக்கினு, தலையைச் சாய்ச்சுக்கினு, மொத்தத்தையும் இன்னொரு வாட்டி கேட்டா. நடுவுல துணியோட ஒரு அம்மா வந்தாங்க. "செத்த நேரம் இருங்கக்கா"ன்னு அவங்களை நிக்க வச்சுட்டா. என் பாட்டுக்காக ஒரு கஸ்டமர் நின்னாங்க, நம்புங்க! பாட்டு முடிஞ்சுது. எனக்குக் கண்ணுல தண்ணி நிக்குது, அவ அதைக் கண்டுக்கவே இல்ல. கத்திரிக்கோலைக் கையில எடுத்துக்கினு சொன்னா: "நல்லா இருக்குதுங்க. நடுவுலதான் தொளதொளன்னு கெடக்குது. அங்க பிடிச்சுட்டா கச்சிதமா உக்காரும். எங்கங்கன்னு நான் சொல்றேன், நீங்க வெட்டுங்க."

அன்னையிலருந்து நான் பண்ற எந்தப் பாட்டையும் கலா பாதியில விட்டுட்டு எழுந்து போனதே இல்ல, ஏன்னா பாதியை அவளே வெட்டிடுறா.