கூடிய சீக்கிரம் ஊர் வந்து சேருவேன்

தலவாக்கலையில் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, இரண்டு மைல் மேலே நடந்தால் வரும் கல்லுமேட்டுத் தோட்டத்தில், நாடுகளை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை ஆண்டியப்பனிடம் யாரும் ஒப்படைக்கவில்லை. அவரே எடுத்துக்கொண்டார். பகலெல்லாம் தொழிற்சாலையில் சல்லடை மெஷினுக்குப் பக்கத்தில் நின்று தேயிலைத் தூளைத் தரம் பிரிப்பார். ஐந்து மணிக்கு மேல் நாடுகளைத் தரம் பிரிப்பார். நாடுகள் என்றால் இரண்டுதான், இந்தியாவும் இலங்கையும். மற்றவை அவர் சல்லடைக்கு வந்து சேரவில்லை.

தீர்ப்பு எப்போதும் இந்தியாவுக்கே. தலவாக்கலை சலூனில் ஒரு வாரம் பழையதான மதராஸ் பத்திரிகை கிடைக்கும். அதை வரி விடாமல் படித்துவிட்டு வந்து, லயத்து வரிசை வீடுகளின் முன்னால் ஓடும் சாக்கடைக் கானுக்கு மேலே போட்ட பலகையில் உட்கார்ந்துகொள்வார்.

"அங்க அஞ்சு வருஷத்துக்கு ஒரு திட்டம் போடுறான். இங்க அஞ்சு வருஷமா நம்ம லயத்துக்கு ஒரு தகரம் போட ஆளில்ல. அங்க கூலிக்காரனும் ஓட்டுப் போடுறான், கோடீஸ்வரனும் ஓட்டுப் போடுறான். நம்ம நாப்பத்தேழுல ஒருக்கா போட்டோம். போட்ட கையி காயறதுக்குள்ள ஓட்டுரிமையப் புடுங்கிட்டானுங்க."

எதிர்க்கட்சி ஒன்று இல்லாமல் இவ்வளவு பெரிய நீதிமன்றம் நடக்காது. அந்த இடத்தைத் தோட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் சூசைரட்ணம் நிரப்பினார். அவர் தீர்ப்பு இலங்கைக்கு.

"ஆண்டியப்பன், பேப்பர்ல போட்ட அணைக்கட்டுல தண்ணி குடிக்க முடியாதுங்க. இங்க பங்கீட்டு அரிசி இருக்கு. அங்க பஞ்சம். இங்க மலேரியாவ ஒழிச்சாச்சு. ஆசியாவுல நம்மளவு ஆயுசு உள்ள நாடு எத்தன இருக்கு, சொல்லுங்க? இலவசக் கல்வி வேற."

"அந்த இலவசக் கல்விதான் ஒங்க பள்ளிக்கூடத்துல ஒத்த ரூம்புல அஞ்சு வகுப்பு நடத்துதா, மாஸ்டர்?"

"நான் நாட்டோட சராசரியச் சொல்றேன்."

சராசரி ஒரு விசித்திரமான வீடு. தேயிலை விற்ற பணம் அதற்குள் போய்விட்டது, பறித்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள். மாஸ்டர் அந்த வீட்டின் அழகை வெளியிலிருந்து வருணித்தார். ஆண்டியப்பனோ ஒரு நாட்டின் திட்டத்தை எடுத்து இன்னொரு நாட்டின் சாக்கடையோடு ஒப்பிட்டார். இருவரும் இந்தியாவைப் பார்த்ததில்லை. ஆண்டியப்பன் பிறந்தது இதே லயத்தில். மாஸ்டர் மடு மாதா திருவிழாவுக்குப் போனபோது அப்படியே தலைமன்னார் வரை போய், அங்கே யாரோ கடலைக் காட்டி "அந்தப் பக்கம்தான்" என்று சொல்லக் கேட்டவர். அறிவு குறைந்த இடத்தில் வாதம் நன்றாக விளையும். அந்த மண் மலைநாட்டில் மட்டும் இருப்பதல்ல.

ஆண்டியப்பனின் மனைவி காளியாயி மட்டும் எந்த நாட்டுக்கும் கட்சி கட்டவில்லை. பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுக் கூடையோடு வருபவள், பலகையைத் தாண்டும்போது சொல்வாள்:

"ரெண்டு நாட்டையும் பேசி முடிச்சாச்சுன்னா யாராச்சும் பீலியில போய் ஒரு வாளி தண்ணி புடிச்சுட்டு வாங்க."

அவளுக்கு ஒரே ஒரு கவலை. மகள் அழகம்மா அட்டனில் படித்து எஸ்.எஸ்.ஸி. தேறியிருந்தாள். அந்த லயத்தில் அதுவரை யாரும் தேறியதில்லை. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர அவளுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது, ஒரு தகுதியைத் தவிர. அவள் எந்த நாட்டுக்காரி என்று சொல்லும் பிரஜா உரிமைக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் தகப்பனுக்குக் கிடைத்தால்தான் மகளுக்கு. ஐம்பத்தொன்றில், அவள் சின்னவளாக இருந்தபோது, குடும்பத்துக்காக ஆண்டியப்பன் ஒரு மனுப் போட்டிருந்தார். ஆறு வருஷம் கழித்து, ஐம்பத்தேழில், விசாரணைக்கு வரச் சொல்லி நுவரெலியாவிலிருந்து கடிதம் வந்தது.

"இத்தன நாளா இந்த நாட்டத் திட்டினீங்களே. இப்ப அதுகிட்டயே போயி கேக்கணுமாக்கும்" என்றாள் காளியாயி.

"திட்டுறது வேற, கேக்குறது வேற. சொந்த வீட்டத்தான் திட்ட முடியும். அடுத்த வீட்டத் திட்டினா வெட்ட வருவான்."

இது அவர் சொன்னவற்றில் ஓரளவு யோசித்துச் சொன்ன வாக்கியம். அதிகாரியிடம் இதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை பயன்பட்டிருக்கும். ஆனால் ஆண்டியப்பன் வாக்கியத்தை நம்பவில்லை, சாட்சியத்தை நம்பினார்.

தொடர்ந்து இத்தனை வருஷம் இங்கேயே வசித்ததை நிரூபிக்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. ஆண்டியப்பன் சிரித்தார். இந்தியாவில், முசிறிப் பக்கம் கொட்டக்குளத்தில் அவருடைய சித்தப்பா மகன் மூக்கன் இருந்தான். நேரில் பார்த்ததில்லை. ஆனால் நாற்பத்தொன்றிலிருந்து இருவருக்கும் கடிதப் போக்குவரத்து. மூக்கன் எழுதிய ஒவ்வொரு கடிதத்தின் மேலும் 'ஆண்டியப்பன், கல்லுமேட்டுத் தோட்டம், தலவாக்கலை' என்று விலாசம். ஒவ்வொன்றின் மேலும் தபால் முத்திரை, தேதி. பதினாறு வருஷத்துக் கடிதங்களையும் பிஸ்கட் டின் ஒன்றில் அடுக்கி எடுத்துக்கொண்டார். தோட்டத்தில் எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவரும் அவரே. ஆகவே விசாரணைக்கு அழைக்கப்பட்ட மற்ற நான்கு குடும்பங்களுக்கும் அதே யோசனையைச் சொன்னார்.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். டின்னைத் திறந்ததும் அவர் முகத்தில் மரியாதை தெரிந்தது. இவ்வளவு ஒழுங்காகச் சாட்சியம் கொண்டுவந்தவர் அன்று வேறு யாருமில்லை. முத்திரைகளைப் பார்த்தார், தலையசைத்தார். பிறகு, பார்த்த வேலைக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதுபோல், ஒரு கடிதத்தை எடுத்து மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார்.

'அன்புள்ள அண்ணனுக்கு, மூக்கன் எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் சுகம். தாங்கள் கூடிய சீக்கிரம் ஊர் வந்து சேருவதாக எழுதியது கண்டு மிக்க மகிழ்ச்சி.'

அதிகாரி இன்னொன்றை எடுத்தார். அதிலும் மகிழ்ச்சி. நாற்பத்தாறில் மகிழ்ச்சி, ஐம்பதில் மகிழ்ச்சி, போன தைப்பொங்கலுக்கும் மிக்க மகிழ்ச்சி.

தோட்டத்திலிருந்து ஊருக்கு எழுதும் எந்தக் கடிதமும் அந்த வரி இல்லாமல் முடிவதில்லை. 'கடவுள் கிருபையால் கூடிய சீக்கிரம் ஊர் வந்து சேருவேன்.' வணக்கம் என்று தொடங்குவது போல அதைச் சொல்லி முடிப்பார்கள். எழுதுகிறவன் போகமாட்டான், வாசிக்கிறவன் எதிர்பார்க்கமாட்டான். அப்படித்தான் ஆண்டியப்பன் நினைத்திருந்தார்.

"இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்கும் எண்ணம் உள்ளவருக்குத்தான் பிரஜா உரிமை" என்றார் அதிகாரி, மொழிபெயர்ப்பாளர் வழியாக. "நீங்கள் பதினாறு வருஷமாகப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள்."

"ஐயா, அது சும்மா மரியாதைக்கு எழுதுறது. நான் போகவே நெனச்சதில்லங்க."

"அப்படியென்றால் சொந்தத் தம்பிக்குப் பதினாறு வருஷம் பொய் எழுதினீர்கள்."

"பொய்யின்னு இல்லங்க…"

"உண்மை என்றால் நீங்கள் போகிறவர். பொய் என்றால், இப்போது என்னிடம் சொல்வதை நான் எப்படி நம்புவது?"

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. இரண்டு நாடுகளைக் கட்டி மேய்த்த ஆண்டியப்பன் கடிதங்களை ஒவ்வொன்றாக மடித்து டின்னில் அடுக்கினார். ஓட்டையில்லாத தர்க்கத்துக்குள் மனிதன் நுழைவதற்கும் வழியில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்; அதை மொழிபெயர்க்க அங்கே ஆளில்லை. மூன்று மாதத்தில் மறுப்பு வந்தது. மற்ற நான்கு குடும்பங்களுக்கும் அதே காரணம், அதே வரி, அதே கையெழுத்து.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற கூட்டத்தில், வேலாயி சத்தமாகவே கேட்டாள். மறுக்கப்பட்ட நான்கு குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று, அவளுடைய கடிதங்களையும் எழுதியவர் அவர்தான்.

"என்னாங்க மச்சான், எப்பப் பொறப்பாடு? கூடிய சீக்கிரமா?"

கங்காணிகூடச் சிரித்தார். அன்றிலிருந்து அந்தத் தோட்டத்தில் யாரும் அவரிடம் கடிதம் எழுதக் கொடுக்கவில்லை.

ஆனால் ஆண்டியப்பன் தளரவில்லை. இலங்கை தராததால், அவருடைய ஒப்பீட்டில் அது இன்னும் ஒரு படி இறங்கியது, அவ்வளவுதான். "நல்லதாப் போச்சு. இந்தியாவுல கேப்போம். அங்க நம்ம புள்ள தமிழ்நாட்டுலயே வாத்தியாரம்மா ஆகிரும்" என்றார். கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் போய்க் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தார். அங்கேயும் உட்காரப் பெஞ்சி இருந்தது. இரண்டு அரசாங்கங்களுக்கும் இடையே அவர் நேரில் கண்ட ஒரே வித்தியாசம், இந்தப் பெஞ்சிக்குச் சாய்மானம் இருந்ததுதான்.

"பூர்வீகம் எந்த ஊர்?"

"கொட்டக்குளம். சொந்தக்காரங்க இருக்காங்க. தாத்தா காணிகூட அரை ஏக்கர் இருக்குங்க."

காணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சாட்சியம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை இன்னும் அவரை விடவில்லை. ஊரில் விசாரித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.

ஒரு வருஷம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி நபருக்குக் கொட்டக்குளத்தில் உறவினர் எவரும் இல்லை என்று கிராமத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். அதே வாரம் மூக்கனிடமிருந்தும் ஒரு கடிதம். முதல் தடவையாக அதில் மகிழ்ச்சி இல்லை.

'அண்ணன் மன்னிக்கவும். விசாரிக்க வந்தவர்களிடம் தங்களைத் தெரியாது என்று சொல்லும்படி ஆயிற்று. தாங்கள் கூடிய சீக்கிரம் வருவதாக எழுதிய நாள் முதல் இந்த அரை ஏக்கரை நினைத்து நாங்கள் நிம்மதியாகத் தூங்கியதில்லை. எனக்கும் நாலு பிள்ளைகள். மழை மூன்று வருஷமாக இல்லை. அங்கே மாதாமாதம் சம்பளம், பங்கீட்டு அரிசி என்று எழுதியிருந்தீர்கள். அப்படிப்பட்ட நாட்டை விட்டு இங்கே எதற்கு?'

ஆண்டியப்பன் அதை இரண்டு தரம் வாசித்தார். கடல் தாண்டிய ஊரில், ஓட்டுப் போடுகிற, ஐந்தாண்டுத் திட்டத்துக்கு நடுவில் வாழ்கிற ஒருவன், இங்கே பலகையில் உட்கார்ந்து அவர் திட்டிய நாட்டின்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தான். 'கூடிய சீக்கிரம் ஊர் வந்து சேருவேன்' என்ற ஒரு வரியை உலகத்தில் இரண்டு பேர்தான் நம்பியிருக்கிறார்கள். ஒருவர், அவர் போய்விடுவார் என்று நம்பிய அதிகாரி. மற்றவன், அவர் வந்துவிடுவார் என்று நம்பிய தம்பி.

மாஸ்டரிடம் காட்டினார். மாஸ்டர் வென்றவர், கொண்டாடியிருக்கலாம். கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "பள்ளிக்கூடத்துல ஒரு கை கொறையுது. அழகம்மாவ அனுப்பி வைங்க. தோட்டத்துக் கணக்குல ஏதோ கொஞ்சம் குடுப்பாங்க" என்றார். அழகம்மா போனாள். ஒரே அறையில் ஐந்து வகுப்புக்கு இப்போது இரண்டு ஆசிரியர்கள். சராசரி உயர்ந்தது.

அறுபத்துநான்கு கடைசியில் இரண்டு பிரதமர்களும் டெல்லியில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஐந்தே கால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே, ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். ஆண்டியப்பன் என்ற ஒருவரை ஏற்பதா என்று பல வருஷம் யோசித்தும் முடியாத இரண்டு அரசாங்கங்கள், ஒன்பதே முக்கால் லட்சம் பேரை ஒரு வாரத்தில் பிரித்துவிட்டன. தேயிலையைக்கூட அவர் அவ்வளவு வேகமாகப் பிரித்ததில்லை. அதற்கு ஒவ்வொரு தூளும் சல்லடையில் விழ வேண்டும்.

மாஸ்டர் பத்திரிகையைக் கொண்டுவந்து பலகையில் வைத்தார்.

"இப்பச் சொல்லுங்க ஆண்டியப்பன். எந்தப் பக்கம்?"

ஆண்டியப்பன் பத்திரிகையைத் தொடவில்லை. "எனக்கு வேலை முடியப் போவுது, மாஸ்டர். கேக்க வேண்டிய ஆள் நான் இல்ல."

அழகம்மா பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். இருபத்தாறு வயது. குடையை உதறிச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னாள்:

"இங்கதான். எனக்குத் தெரிஞ்ச இடம் இதுதானே. இது நல்ல இடம்னு சொல்லல மாஸ்டர், சண்டைக்கு வராதீங்க. என் பேர்ல தனியா ஒரு மனு எழுதப் போறேன்."

ஆண்டியப்பன் எழுந்தார். "பேனாவக் குடு, நான் எழுதுறேன். கொழும்புக்குப் போறது. மேலதிகாரிக்கு எழுதுற முறை ஒண்ணு இருக்கு."

"வேணாம்ப்பா. நீங்க எழுதினா அழகா இருக்கும். அதான் பயமா இருக்கு."

காளியாயி அடுப்படியில் சிரித்தாள். ஆண்டியப்பன் திரும்ப உட்கார்ந்தார்.

மனு நான்கு வரிதான். கல்லுமேட்டுத் தோட்டம் ஆறாம் நம்பர் லயத்தில் பிறந்தேன். இங்கே படித்தேன், இங்கே படிப்பிக்கிறேன். எங்கும் போகவில்லை, போகப் போவதுமில்லை. என் மனுவைத் தகப்பனாரின் மனுவிலிருந்து தனியாக விசாரிக்கவும்.

ஆண்டியப்பன் வாசித்தார். எழுத்துக் கலையில் யாரையும் லேசில் பாராட்டாதவர். கடைசி வரியில் சற்று நேரம் நின்றார்.

"முடிவுல மரியாதைக்கு ஒரு வார்த்தை சேத்துக்கலாமே?"

"வேணாம்ப்பா."

அவரே தலவாக்கலைக்குப் போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, சலூன் பக்கம் திரும்பாமல் அடுத்த பஸ்ஸில் வந்தார். ரசீதைக் காளியாயி வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, முத்திரை தெரிந்தது.

"இதுல நம்ம புள்ள பேரு இருக்கா?"

"இருக்கு."

"தோட்டத்துப் பேரு?"

"அதுவும் இருக்கு. ஆனா இது அந்தப் பிரஜா உரிமைக் கடுதாசி இல்ல. தபால் ரசீது."

"தெரியும். ரசீது குடுக்குறவனுக்குப் புள்ள இங்க இருக்குன்னு தெரிஞ்சிருக்கு. மத்தவனுக்கும் சொல்லச் சொல்லுங்க."