அமெரிக்கப் போதகருக்காக இருந்த உபவாசம்

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் எங்கள் சபை ஒரு பழைய தளபாடக் கடையின் மேல்மாடியில் கூடியது. இரண்டாயிரங்களின் நடுவில் அமெரிக்காவிலிருந்து ஒரு போதகர் வந்தார். தன் மாநிலச் சட்டசபைக்குப் போட்டியிடுவதாகவும், வென்றால் வேதத்தின்படியே சட்டம் எழுதப்போவதாகவும் சொன்னார். அவருடைய ஆங்கிலத்தை நான்தான் தமிழில் சொன்னேன். அவர் மேசையில் ஒருமுறை குத்தினால் நான் இரண்டுமுறை குத்தினேன். அப்படியொரு மண்டைக்கனம் எனக்கு.

போகும்போது அவர் கேட்டது ஒன்றுதான். வாக்கெடுப்பு நாளில் சபை முழுவதும் உபவாசம் இருக்க வேண்டும். எந்த நாட்டிலும் வாக்களிக்க வழியில்லாத நாங்கள் எல்லோரும் கையைத் தூக்கினோம். அந்த மாநிலம் வரைபடத்தில் எங்கே கிடக்கிறதென்று ஒருவருக்கும் தெரியாது.

அதே நாளில்தான் அக்காவின் புருசனுக்கு அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. அக்கா சைவ சமயம்; வேதத்துக்கு மாறியது நான்தான். ஜெர்மனியில் அவளுக்குத் தாய்வீட்டுப் பக்கம் என்று நான் ஒருத்தன்தான். அந்தப் பந்தியில் கூடப்பிறந்தவன் கை நனைக்காவிட்டால் உறவு முறிந்தது என்றுதான் அர்த்தம். புருசன் வீட்டார் முன்னால் அவள் தலைநிமிர ஏலாது.

அதற்கு முதல்நாள் அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போடா. சும்மா வந்து இருந்தாலும் காணும்."

"ஏலாது அக்கா, உபவாசம். பேய்க்குப் படைக்கிற சோறு என்ரை தொண்டைக்குள்ளை இறங்காது."

அத்தானைத்தான் பேய் என்றேன். அகதி முகாமிலிருந்து என்னைக் கூட்டிவந்து, தன் கட்டிலைத் தந்துவிட்டுத் தரையில் படுத்த மனிதர். அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. மறைத்து என்ன பயன்.

போதகர் வென்றார். நன்றிக் கடிதம் வந்தது. வேறு தெய்வங்களைக் கும்பிடும் அகதிகளைத் தன் மாநிலத்தில் குடியேற்றக் கூடாதென்று முதல் மசோதா கொண்டுவரப் போகிறாராம். அகதி அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தவர்களுக்கு நான் அதை வாசித்துக் காட்டினேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். என் சத்தம்தான் பெரிது.

அடுத்த கிழமை பழங்கள் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் பையை வாங்கவில்லை.

"அண்டைக்குப் பந்தியிலை அவர்ரை ஆக்கள் தம்பி எங்கை எண்டு கேட்டவை. செத்துப்போனான் எண்டு சொன்னனான். சொன்னது பொய்யாப் போகக்கூடாதெண்டு ஐயரிட்டை உன்ரை பேரையும் குடுத்தனான். என்ரை மகன் அத்தானுக்கும் உனக்கும் சேர்த்துத்தான் பிண்டம் வைச்சவன்."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.