இன்ஜினை நிறுத்தச் சொன்னவர்

எண்பதுகளில் பழவேற்காட்டிலிருந்து புறப்படும் பொன்னேரி பஸ்ஸின் இன்ஜினை நிறுத்தினால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். அதனால் ஆள் ஏறும்வரை இன்ஜின் புகை கக்கிக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமைகளில் மட்டும் அது நிற்கும். காக்கிச் சட்டை போட்ட ஒருவர், மூச்சிரைக்கும் தன் சிறு மகளைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவார். அவளைச் சன்னலோரம் உட்காரவைத்துவிட்டு டிரைவரிடம், "பொகை உள்ள வருதுண்ணே, ஆப் பண்ணிடு. நான் தள்றேன்" என்பார். தனியாளாய் முடியுமா? மீன்கூடைகளை விட்டுவிட்டு நாங்களும் இறங்குவோம். இன்ஜின் பிடித்ததும் சன்னலுக்குக் கீழே தகரத்தை இரண்டு முறை தட்டுவார். உள்ளேயிருந்து, "ஏறு நைனா" என்று மகளின் குரல் வரும்.

ஒருநாள் எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "உம் பொண்ணுக்காக ஊரே தள்ளணுமா? இன்னா வேலை பாக்குற நீ?"

அவர் கோபப்படவில்லை. "ஏர்போர்ட்டுலண்ணே. பிளேன் வந்து நின்னதும் கரண்டு வண்டிய இட்டாந்து மாட்டுவேன். அப்பால இன்ஜின ஆப் பண்ணிடுவாங்க. அம்மாம் பெரிய பிளேனே பொகை வுடாம நிக்குது. இது நிக்காதா?"

பிறகு இரண்டு மாதம் அவரைக் காணவில்லை. ஒரு திங்கட்கிழமை தனியாக வந்தார். அவரைக் கண்டதும் டிரைவர் தானாகவே இன்ஜினை நிறுத்தினார்.

"ஓடட்டும்ணே. கொழந்த போயிடுச்சு" என்றார்.

நேரமானதும் யாரும் கூப்பிடாமலே எல்லோரும் இறங்கினோம். அவரும் என் பக்கத்தில் நின்று தள்ளினார். அன்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தள்ளினேன்.

இன்ஜின் பிடித்தது. அவர் தகரத்தை இரண்டு முறை தட்டிவிட்டு, ஏறாமல் நின்றுகொண்டிருந்தார்.